பதிமூன்றாவது போன்

அத்தியாயம் 3

துப்பறிவாளர்களுக்கென்று எந்தக் கம்பெனியும் தனி வாசல் கட்டி வைப்பதில்லை. அதனால் பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தார் மேனேஜர். லாரி வந்து ஒட்டி நிற்கும் மேடை, துடைப்பம் முக்கி வைத்த வாளி, கால் ஒடிந்த நாற்காலிகளின் குவியல், அப்புறம் மூன்று மாடிப் படிகள். லிப்ட் இருந்தது. அதன் மேல் 'சரக்குக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

"நம்மளையும் சரக்குன்னு சொல்லி ஏத்திடலாமா மாமா?" என்றாள் கொழுந்தியாள்.

துப்பறிவாளர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்து நாலு. இந்த வாரத்தில் இது நான்காவது வேலை. முதல் மூன்று: காணாமல் போன நாய், காணாமல் போன மருமகன், காணாமல் போனதாகச் சொல்லப்பட்டு மெத்தைக்கு அடியில் கிடைத்த பாஸ்போர்ட். மூன்றும் கிடைத்தன. கண்டுபிடிக்கப்பட்டதில் சந்தோஷப்பட்டது நாய் மட்டும்தான்.

கொழுந்தியாள் என்றால் மனைவியின் தங்கை. ஆறு வருஷத்துக்கு முன்னால், "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று பெட்டியோடு வந்து இறங்கியவள். இப்போது அவருடைய ஒரே உதவியாளர். சம்பளம் கேட்பதில்லை, அதற்குப் பதிலாகக் கருத்துச் சொல்கிறாள். சம்பளமே கொடுத்திருக்கலாம் என்று அவருக்கு அடிக்கடி தோன்றும்.

மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. அதன் ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. டாக்டர் அறை வாசலில் காத்திருப்பவர்களாவது இடையில் ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் அதையும் பார்க்கவில்லை.

"அவங்கதான்" என்றார் மேனேஜர், கதவைச் சாத்திக்கொண்டே. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் கோடு போடுகிற மாதிரி பேசுகிறவர். "எங்க கம்பெனி இப்போ ஒரு டிஜிட்டல் பயணத்துல இருக்கு."

"நாங்க படிக்கட்டுப் பயணத்துல வந்தோம். ஒரு நாற்காலி கிடைக்குமா?" என்றாள் கொழுந்தியாள்.

நாற்காலி வந்தது. துப்பறிவாளர் உட்கார்ந்தார். இந்த வழக்கில் அவருக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அது.

விஷயம் இதுதான். கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்குக் காது கேட்கும் கருவிகளை வாங்கி அனுப்புகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் கோடு கோடாக ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். முன்பெல்லாம் பெட்டி வந்தால் நோட்டில் எழுதுவார்கள், போனால் அடிப்பார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் நோட்டுகளை ஒழித்துவிட்டு, கிடங்கில் உள்ளவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு செல்போன் கொடுத்தார்கள். போனின் கேமராவை லேபிளுக்கு நேராகப் பிடித்து 'உள்ளே' அல்லது 'வெளியே' என்று தொட்டால் போதும். எந்தப் பெட்டி, எந்த நேரம், எந்த ஆள் என்று கம்ப்யூட்டர் தானே பதிந்துகொள்ளும்.

"நாற்பத்தெட்டு கருவி உள்ள ஒரு பெட்டி. வெளியே போயிருக்கு. ஆனா எந்த ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேரலை. அலமாரியிலும் இல்லை. மாசக் கடைசியில எண்ணிப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது. பதிவுல இருக்கிறது இருபத்தேழாம் நம்பர்." மேனேஜர் கதவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "ஸ்டோர் அக்கா. பத்தொன்பது வருஷ சர்வீஸ். யார் நினைச்சிருப்பா?"

"நீங்க நினைச்சிருக்கீங்களே" என்றாள் கொழுந்தியாள்.

"ரெண்டு நாளா வேலையிலிருந்து நிறுத்தி வச்சிருக்கோம். அஞ்சு மணிக்கு எம்.டி. சார் கையெழுத்துப் போடுவார். டிஸ்மிஸ். அதுக்கப்புறம் போலீஸ். வெளி ஆளு ஒருத்தர் விசாரிச்ச ரிப்போர்ட் கூட இருந்தா மரியாதையா இருக்கும்னு எம்.டி. சார் அபிப்பிராயப்பட்டார். அவ்வளவுதான். நீங்க பெருசா மெனக்கெட வேண்டாம்."

துப்பறிவாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. மெனக்கெட வேண்டாம் என்று ஒரு கட்சிக்காரர் சொல்லி அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. உடம்பு முழுவதும் அந்த யோசனையை ஆமோதித்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைக்கலாம்.

மேனேஜர் ஆதாரத்தை நீட்டினார். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஒரு தாள், பளபளக்கும் உறைக்குள். அருகருகே மூன்று பத்திகள். நேரம்: மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, காலை 11.07. பெட்டியின் எண். ஆள்: 27.

துப்பறிவாளர் அதைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு பெருமூச்சு விட்டார். வெந்நீர் தள்ளிப்போகிறது என்று கொழுந்தியாளுக்குப் புரிந்துவிட்டது.

"இந்த வலது ஓரத்துல அரை எழுத்து நிக்குதே, என்ன அது?" என்று கேட்டார்.

மேனேஜர் குனிந்து பார்த்தார். தாளின் விளிம்பில், ஏதோ ஒரு தலைப்பின் முதல் எழுத்து பாதி வெட்டுப்பட்டு நின்றது.

"தாள் அகலம் போதலை. முக்கியமான மூணும் வந்துடுச்சு."

"நாலாவது?"

"அது ஏதோ டெக்னிக்கல்."

"ஒரு பொம்பளைய ஜெயிலுக்கு அனுப்பறீங்க. தாள் போதலைன்னா இன்னொரு தாள் எடுக்கக் கூடாதா?" என்றாள் கொழுந்தியாள்.

பெஞ்சிலிருந்த ஸ்டோர் அக்காவைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்கு இறங்கினார்கள். மறுபடி மூன்று மாடி. துப்பறிவாளர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தார். அக்கா அவருக்காக நின்று நின்று வந்தார். தன்னைக் குற்றவாளி என்று எழுத வந்தவருக்கு முழங்கால் வலி என்றால் காத்திருக்கத் தோன்றுகிறது சிலருக்கு.

"நீங்க எடுத்தீங்களா?" என்று படியிலேயே கேட்டார்.

"இல்லை சார்."

"சரி."

"சரின்னா நம்பிட்டீங்களா?"

"நம்பறதுக்கு முன்னாடி உட்காரணும்மா."

கிடங்கு நீளமாக, குளிர்ச்சியாக இருந்தது. உயரமான இரும்பு அலமாரிகள், இடையில் ஒரு ஆள் நடக்கிற சந்து. இரண்டு நாளாக வந்த சரக்குகள் பிரிக்கப்படாமல் வழியிலேயே கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் அக்காவின் கை தானாக ஒரு பெட்டியை நேராக நகர்த்தி வைத்தது. பிறகு தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார்.

மூலை மேசையில் கம்ப்யூட்டர். அதற்குப் பின்னால், கழுத்தில் இரண்டு, சட்டைப் பையில் ஒன்று, கையில் ஒன்றாகச் சார்ஜர் ஒயர்களைச் சுமந்துகொண்டு ஒரு ஆள். போன்களில் இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்து கொடுத்தவர் இவர்தான். ஒப்பந்த வேலை. கிடங்கு முழுவதும் இவருக்கு 'சார்ஜர்' என்றுதான் பெயர்.

"புது போன் ஒண்ணைத் தயார் பண்ணணும்னா என்ன செய்வீங்க?" என்று நாற்காலியைத் தேடிக்கொண்டே கேட்டார் துப்பறிவாளர்.

"ஆப்பைப் போட்டுத் திறந்தா, மொதல்ல ஐடி கார்டைக் காட்டச் சொல்லும் சார். கார்டுல இருக்கிற கோடை ஒரு தடவை படிச்சுக்கும். அப்புறம் அந்த போன்ல என்ன ஸ்கேன் பண்ணாலும் அந்த ஆளு பேருலதான் ஏறும்."

"கார்டு காட்டாம?"

"திறக்கவே திறக்காது."

"அந்த நாலாவது பத்தியைக் காட்டுங்க."

சார்ஜரின் விரல் மவுஸின் மேல் தயங்கியது. மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். திரையில் அந்த வரி முழுசாக விரிந்தது. நாலாவது பத்தியின் தலைப்பு: போன் எண். அதற்குக் கீழே: 13.

"உங்க போன் நம்பர் எத்தனை?" என்று அக்காவைக் கேட்டார்.

"நாலு சார். முதுகுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்."

சுவரில் ஒரு மரச் சட்டம். சார்ஜ் போடுவதற்காகச் செய்தது. கொழுந்தியாள் போய் விரலால் எண்ணிக்கொண்டு வந்தாள்.

"பன்னெண்டு குழி. பன்னெண்டு போன். பதிமூணாவதுக்குத் தங்க இடமே இல்லை மாமா. பாவம், எங்க போய்ப் படுக்குதோ."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? யாருக்கும் தெரியாம ஒரு போனைத் திருடி, அதுல தன் கார்டையே போட்டு..."

"திருடற போன்ல தன் பேரையே எழுதி வச்சிக்கிட்டுத் திருடுவாங்களா சார்? நான் திருடினா உங்க பேரைல்ல எழுதுவேன்?" என்றாள் கொழுந்தியாள்.

மேனேஜரின் மலர்ச்சி வாடியது. துப்பறிவாளர் அதற்குள் திரையை நோக்கி நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தார்.

"பதிமூணு அன்னிக்கு வேற என்னவெல்லாம் பண்ணுச்சு?"

சார்ஜர் தட்டிப் பார்த்தார். "அந்த ஒரு பெட்டி மட்டும்தான் சார். அதுக்கு முன்னாடி..." பட்டியல் மேலே நகர்ந்தது. 11.04, படிக்கவில்லை. 11.04, படிக்கவில்லை. 11.05, படிக்கவில்லை. இப்படி ஏழு வரிகள்.

"படிக்கவில்லைன்னா?"

"லேபிளை கேமரா பிடிக்கலை. ரொம்பக் கிட்டக் கொண்டு போனா அப்படி வரும். கை ஆடினாலும் வரும்."

துப்பறிவாளர் திரும்பினார். "அம்மா, உங்க போனை எடுத்து, இதோ இந்தப் பெட்டியை ஒண்ணும் பதியாம சும்மா படிச்சுக் காட்டுங்க."

அக்கா நாலாம் நம்பரை எடுத்தார். நடந்துகொண்டே, பெட்டியை நேராகப் பார்க்கக்கூட இல்லை, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினார். கீச் என்றது. பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் கண் இமைக்க நேரம் கிடைக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"அறுநூறு வரும் சார்."

"அறுநூறு பண்றவங்க கை ஒரு பெட்டிக்கு ஏழு தடவை தவறாது. இது கோடு லேபிளையே வாழ்க்கையில மொத தடவையாப் பாக்கற ஆளு." துப்பறிவாளர் கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கிறார் என்று மேனேஜர் நினைத்தார். கொழுந்தியாளுக்குத் தெரியும், அவர் ஓய்வெடுக்கிறார். "அந்த போனை எப்படி அமைச்சு வச்சிருந்தீங்க? எழுத்து, சத்தம், அதெல்லாம் பதிஞ்சிருக்குமா?"

"இருக்கும் சார்." சார்ஜரின் குரல் இப்போது கழுத்தைச் சுற்றிய ஒயர்களுக்குள்ளிருந்து வந்தது. "எழுத்து, ஆகப் பெரிய அளவு. சத்தம், முழு அளவு. வெளிச்சம், முழு அளவு."

"கண்ணு சரியாத் தெரியாது, ஆனா கண்ணாடி போட மாட்டார்" என்றாள் கொழுந்தியாள். "வீட்டுக்கு வீடு ஒருத்தர் இருக்காங்க."

"சத்தத்தைக் கவனிச்சியா?" கண்ணைத் திறக்காமல் கேட்டார் துப்பறிவாளர்.

"ஆமா! திருட வந்தவன் சத்தத்தைக் குறைச்சு வைப்பானா, கூட்டி வைப்பானா?"

"கூட்டி வச்சிருக்கான். அதாவது எல்லாரும் கேக்கணும்னு பண்ணியிருக்கான். அம்மா, அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

அக்கா யோசிக்கவே இல்லை. இதைக் கேட்க ஒரு ஆள் வரமாட்டாரா என்று இரண்டு நாளாகக் காத்திருந்த பதில் அது. "முன் கட்டடத்துல சார். தொடக்க விழா. எம்.டி. சார் ரிப்பன் வெட்டினாரு. கத்தரிக்கோல் தட்டை நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு மணி நேரம். மேனேஜர் சார்கிட்டயும் சொன்னேன்."

"அவங்க அங்க இருந்ததா யாருக்குமே ஞாபகம் இல்லையே" என்றார் மேனேஜர். "நான் விசாரிச்சேன். தட்டு ஞாபகம் இருக்கு எல்லாருக்கும்."

கிடங்கில் ஏதோ ஒரு போன் சார்ஜ் நிறைந்ததாக அறிவித்துவிட்டு அடங்கியது.

"தம்பி," என்றார் துப்பறிவாளர், சார்ஜரைப் பார்த்து. நாற்பது வயது ஆளைத் தம்பி என்று கூப்பிட்டால் ஒன்று கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறார்கள், இல்லை உண்மையைக் கறக்கப் போகிறார்கள். "விழாவில எத்தனை போன்?"

சார்ஜர் மேனேஜரைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்தார்.

"ஒண்ணு சார். எம்.டி. சாருக்காகத் தனியா வாங்கினது. தங்கக் கலர்."

"பதிமூணு."

"பதிமூணு."

"அவர் கார்டை அதுல போட்டீங்களா?"

"எம்.டி. சாருக்கு கார்டே கிடையாது சார். அவர் எதுக்குக் கழுத்துல மாட்டணும்? கேக்கவும் பயமா இருந்துச்சு. கூட்டம் கூடிடுச்சு, போனு திறக்க மாட்டேங்குது. பக்கத்துல அக்கா தட்டை நீட்டிக்கிட்டுக் குனிஞ்சாங்க, கார்டு தொங்குச்சு. அப்படியே..." மணிக்கட்டால் ஒரு சைகை காட்டினார். "விழா முடிஞ்சதும் போன்ல இருக்கிறதை அழிச்சுட்டேன் சார். அழிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். கம்ப்யூட்டர்ல நிக்கும்னு அப்ப தோணலை."

"அக்காவை ரெண்டு நாளா வெளியில உட்கார வச்சிருக்காங்களே. அப்பவாவது தோணலையா?" என்றாள் கொழுந்தியாள். அவள் குரலில் இப்போது வேடிக்கை இல்லை.

"இருபத்தேழு யாருன்னு கேட்டாங்க மேடம். சொன்னேன். வேற யாரும் எதுவும் கேக்கலை. எனக்கு அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும்."

அக்கா சார்ஜரைப் பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். "சாப்பிட்டியா நீ?" என்று மட்டும் கேட்டார். அதற்குச் சார்ஜர் அழுதே விட்டார்.

முன் கட்டடத்தில் எம்.டி.யின் அறை, கிடங்கில் பாதி இருக்கும். மேசையில் ஒரு காகிதம்கூட இல்லை. பெரிய மனிதர்களின் மேசை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். சுவரில் விழாப் படம் ஒரு கதவளவுக்கு மாட்டியிருந்தது. நடுவில் எம்.டி., கையில் தங்க நிற போன், முகத்தில் சரித்திரம். இடது ஓரத்தில் ஒரு தட்டு, அதைப் பிடித்த இரண்டு கைகள், கைகளுக்கு மேலே தொங்கும் ஒரு அடையாள அட்டை. அதற்கு மேல் படச் சட்டம் தொடங்கிவிட்டது. முகத்துக்கு இடம் இல்லை.

கொழுந்தியாள் கிட்டப் போய் அட்டையைப் படித்தாள். "இருபத்தேழு. எல்லாருக்கும் தட்டு ஞாபகம் இருக்கிறது ஏன்னு இப்பதான் புரியுது."

"ரிப்போர்ட் தயாரா?" என்றார் எம்.டி.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றார் துப்பறிவாளர், அழைக்கப்படாமலே உட்கார்ந்தபடி. "விழாவில நீங்க ஸ்கேன் பண்ணது நிஜமாவே பதியுமா, இல்லை சும்மா காட்டறதா?"

"சும்மா காட்டறதா?" எம்.டி.க்கு முகம் சிவந்தது. "பயிற்சி முறைன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. அதைப் போட்டா பெரிய திரையில குறுக்கால சிவப்பா 'பயிற்சி'ன்னு எழுதி வருது. நானூறு பேருக்கு முன்னாடி, எனக்குப் பயிற்சியா? எடுத்துட்டு நிஜத்தைப் போடச் சொன்னேன். அன்னிக்கு நடந்தது முழுக்க முழுக்க நிஜம்."

"அந்தப் பெட்டி இப்போ எங்க இருக்கு?"

எம்.டி. இந்தக் கேள்வியைத்தான் வருகிற விருந்தாளிகள் எல்லோரிடமும் எதிர்பார்ப்பார் போலிருக்கிறது. எழுந்தே விட்டார். "வாங்க, காட்டறேன்."

முன்வாசல் கூடத்தில், வருகிறவர்கள் முதலில் பார்க்கிற இடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீல வெல்வெட். அதன் மேல், இரண்டு சின்ன விளக்குகளின் வெளிச்சத்தில் ஒரு அட்டைப் பெட்டி. முன்பக்கம் கம்பெனியின் சின்னத்தைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். கீழே பித்தளைத் தகடு: 'முதல் ஸ்கேன்'.

"இதுல கோடு லேபிள் எங்க சார்?" என்றாள் கொழுந்தியாள்.

"பின்னாடி திருப்பி வச்சிருக்கோம். பார்க்க நல்லா இல்லை."

கண்ணாடியைத் திறக்கச் சாவி தேடப் பத்து நிமிஷம் ஆனது. துப்பறிவாளருக்கு அந்தப் பத்து நிமிஷமும் வரவேற்பறை சோபாவில் இனிதே கழிந்தது. சாவி வந்ததும் கொழுந்தியாள் பெட்டியைத் திருப்பினாள். திருப்பும்போதே அவள் முகம் மாறியது. உள்ளே எதுவோ சரிந்து நகர்ந்தது.

"காலிப் பெட்டிதானே?" என்றார் எம்.டி. "மூலை நசுங்காததா ஒண்ணு கொண்டாங்கன்னேன். கிடங்குல யாரும் இல்லாத நேரத்துல பியூன் போய் எடுத்தாந்தான்."

அக்கா, எல்லோருக்கும் பின்னால் நின்றவர், முன்னால் வந்தார். கையோடு எடுத்து வந்திருந்த நாலாம் நம்பர் போனைக் கொழுந்தியாளிடம் கொடுத்தார். கொழுந்தியாள் லேபிளுக்கு நேராகப் பிடித்தாள். திரையில் எழுத்து வந்தது. அவள் அதைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி படித்தாள்:

"இந்தப் பெட்டி வெளியே போய்விட்டது. எடுத்தவர்: இருபத்தேழு."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. வரவேற்பு மேசைப் பெண், தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறவள், துணியை வாயில் வைத்துக்கொண்டாள். கருவிகள் நாற்பத்தெட்டும் உள்ளே இருந்தன. சீல் உடையவில்லை.

மணி நாலரை. எம்.டி. தொண்டையைச் செருமினார். பெரிய மனிதர்கள் தொண்டையைச் செருமினால் தவறு அடுத்தவர் பக்கம் போகப் போகிறது என்று அர்த்தம்.

"சிஸ்டம் கோளாறு" என்றார். "ரிப்போர்ட்ல அப்படி எழுதிடுங்க. அந்தம்மா நாளைக்கு வேலைக்கு வரலாம். எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்லை."

"பெரிய மனசு" என்றாள் கொழுந்தியாள்.

மேனேஜருக்கு உயிர் திரும்பியது. நாலாம் நம்பரைக் கொழுந்தியாளிடமிருந்து வாங்கி அக்காவிடம் நீட்டினார். "உள்ளேன்னு ஒரு ஸ்கேன் போட்டுடுங்கம்மா. பெட்டி கணக்குல ஏறிடும். எல்லாம் முடிஞ்சுது."

துப்பறிவாளர் சோபாவை விட்டு எழுந்து பையைத் தோளில் மாட்டினார். உண்மை வெளியே வந்தது, குற்றம் இல்லை, குற்றவாளி இல்லை. காலுக்கு வெந்நீர் உண்டு.

அக்கா போனை வாங்கினார். கட்டை விரல் 'உள்ளே' என்ற எழுத்தின் மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது.

"நான் போட மாட்டேன் சார்."

"ஏம்மா? ஒரு நொடி வேலை."

"இருபத்தேழு பெட்டியை வெளிய எடுத்துட்டுப் போச்சு. மூணு வாரம் கழிச்சு, விசாரிக்க ஆள் வந்த அன்னிக்குச் சாயங்காலம், அதே இருபத்தேழு கொண்டாந்து உள்ள வச்சிருச்சு." நிதானமாகச் சொன்னார், அலமாரி எண்களைப் படிப்பது போல. "பதிவுல அப்படித்தானே நிக்கும்? நாளைக்கு நீங்க மாறிப் போயிடுவீங்க. புதுசா ஒருத்தர் வந்து இதைப் படிப்பாரு. மாட்டிக்கிட்டதும் பயந்து திருப்பி வச்சிட்டான்னு நினைப்பாரா, மாட்டாரா?"

துப்பறிவாளர் பையை மெதுவாகக் கீழே இறக்கினார். இருபத்தாறு வருஷத் தொழில். தனக்கு அது தோன்றவில்லை. எழுந்து நின்றுவிட்டோமே என்பதுதான் அதிகம் உறுத்தியது.

"வெளிய எடுத்தவங்க உள்ள வைக்கட்டும்" என்றார் அக்கா.

"யாரு?" என்றார் எம்.டி. பிறகு, எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"அவருக்குக் கார்டே இல்லையேம்மா" என்றார் மேனேஜர், கிட்டத்தட்டக் கெஞ்சலாக.

"போட்டுத் தரேன் சார்" என்றது ஒரு குரல். சார்ஜர். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒப்பந்தம் போனால் போகட்டும் என்று முடிவு செய்த ஆளின் முகம். "அஞ்சு நிமிஷ வேலை."

எம்.டி. மறுத்திருப்பார். ஆனால் துப்பறிவாளர், கையிலிருந்த வெற்றுத் தாளைத் தட்டிக்கொண்டே, "அப்படின்னா நான் நடந்ததை நடந்தபடியே எழுதணும். விழா, தங்கக் கலர் போன், பயிற்சி, எல்லாம்" என்று மிகவும் களைத்த குரலில் சொன்னார். களைத்தவர்கள் சொல்வதை மிரட்டல் என்று நிரூபிக்க முடியாது.

சுவரோரம் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். "சிரிக்காதீங்க சார், கார்டுக்கு அப்படித்தான்" என்றார் சார்ஜர். அடுத்து காலியாக இருந்த எண் 214. பியூனுக்கு அடுத்த எண். அட்டையைச் சுடச் சுட அடித்துக் கொடுத்தார்கள். அறை டிராயரிலிருந்து வரவழைத்த பதிமூன்றாம் போனில் எம்.டி. தன் கழுத்திலிருந்ததைத் தானே காட்டித் திறந்தார். பெட்டிக்கு முன்னால் குனிந்தார்.

படிக்கவில்லை.

படிக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் பிடிங்க சார்" என்றார் அக்கா. கேலி இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் சொல்வதுதான். "மூச்சை அடக்கிக்கங்க. கை ஆடுது."

முழு அளவுச் சத்தத்தில் கீச் என்றது. கூடமே அதிர்ந்தது. 4.51, உள்ளே, 214.

மேனேஜர் கொடுத்த தாளில் பழைய வரியின் பக்கத்தில், அன்று அந்த போனைப் பிடித்தது யார் என்று எம்.டி. பெயர் போட்டுக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்றார் அக்கா. போட்டுத் தந்தார். அக்கா ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தார். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வழியில் கிடக்கிற சரக்கை இன்றைக்கே பாதியாவது அடுக்க வேண்டும் என்று சார்ஜரிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

தெருவில் பஸ்ஸுக்காக நின்றபோது கொழுந்தியாள் ரொம்ப நேரம் பேசவில்லை. அது அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று துப்பறிவாளர் கவலைப்பட ஆரம்பித்த நேரத்தில் வாயைத் திறந்தாள்.

"நாம இன்னிக்கு என்னதான் மாமா கண்டுபிடிச்சோம்?"

"அந்தம்மா திருடலைன்னு."

"அது அவங்களுக்கு மொதல்லயே தெரியுமே."

"அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார் துப்பறிவாளர். வந்த பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டார்.